பூங்காவுக்குப் போன பஸ்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சின்னப் புள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்க போறது? மட்டக்களப்பு ரவுணில எந்த வீட்டில கேட்டாலும் பதில் நாலு இடத்துக்குள்ள முடிஞ்சிடும். காந்தி பூங்கா, கல்லடிக் கடற்கரை, பாலமீன்மடு வெளிச்சவீடு. மோட்டார்சைக்கிளில எண்ணெய் இருந்தால் பாசிக்குடா. கச்சான் ஒரு சுருள், ஐஸ்கிரீம் ஒண்டு, ஊஞ்சலுக்கு வரிசை, பொழுது பட்டதும் வீடு. இதில வரலாறு என்ன இருக்கு என்று கேட்கலாம். இருக்கு. ஒரு ஊரில பிள்ளைகள் விளையாட யார் இடம் ஒதுக்கினார்கள், எப்ப ஒதுக்கினார்கள், அந்த இடத்துக்கு யாருடைய பிள்ளைகள் வரலாம் என்று கேட்டுப்பார்த்தால், அந்த ஊரின் கதை பாதி வந்துவிடும். நாங்கள் கேட்டுப்பார்த்தோம்.

முதலில ஒரு விசயம். எங்கட அம்மம்மாமார் காலத்தில 'பூங்காவுக்குப் போறது' என்று ஒரு வழக்கம் இருக்கவில்லை. பிள்ளைகள் வெளியில்தான் இருந்தார்கள், ஆனால் அதற்கென்று கட்டிய இடத்தில் இல்லை. ஆத்தங்கரைதான் இடம். வாவியை நம்ம ஆக்கள் 'ஆறு' என்றுதானே சொல்லுவாங்க. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரைக்கும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற தண்ணி. கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும்புகிற கரை, படுகிற கரை. இதைவிட நேராக ஒரு ஊருக்குப் பேர் வைக்க முடியாது. மட்டக்களப்பு என்ற பேரிலேயே களப்பு இருக்கு.

சித்திரை வருசத்துக்கு மரத்தில் ஊஞ்சல் கட்டுவது, போர்த்தேங்காய் அடிப்பது, கண்ணகை அம்மன் சடங்குக் காலத்தில் கொம்புமுறி பார்க்கப் போவது, பொடியன்களுக்கு வசந்தன் ஆட்டம். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். அதுதான் குடும்பத்தோட போற பெரிய வெளிக்கிடல். தீர்த்தக் கேணி, விளையாட்டுச் சாமான் கடை, இனிப்புக் கடை, தொலைஞ்சுபோய் அழுகிற ஒரு பிள்ளை, எல்லாம் அங்க இருக்கும். படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இக்கரைக்கு வருவதே ஒரு சுற்றுலா. மண்முனைத் துறையில் 2014 இல் பாலம் திறக்கும் வரைக்கும் 'பாதை'யில்தான் ஏறி வர வேணும். வெளி மாவட்ட நண்பர்களுக்குச் சொல்வதென்றால், பாதை என்பது இங்கே ரோட்டு இல்லை. ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவை.

பூங்கா என்ற எண்ணம் வெளியிலிருந்து வந்தது. காந்தி பூங்கா இருக்கிற வாவிக்கரை மூலையைப் பாருங்கள். 1814 இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் வந்து இறங்கியதை நினைவூட்டும் வாயில் அங்கதான் நிற்கிறது; பக்கத்தில் அவருக்குச் சிலை. வந்த வருசமே பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த வருசம் செத்துப்போனார். கொஞ்சம் தள்ளி போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. கரையோரத்துப் புல்வெளியும் இருக்கையும் வெள்ளைக்காரன் காற்று வாங்குகிற பழக்கத்தோடு சேர்ந்து வந்தவை. மறுகா அதுக்குக் காந்தி பேர் வந்தது. 2012 ஏப்ரலில் நகரத்தில் காந்தி, சுவாமி விபுலானந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை சிலைகளோடு சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் சிலையையும் உடைத்தார்கள். காந்தியிலும் விபுலானந்தரிலும் கோபம் யாருக்கோ இருந்திருக்கலாம். சாரணர் தாத்தா என்ன செய்தார் என்று எங்களுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கல்லடிப் பாலம் 1924 இல் வந்தது. ஆளுநர் மனிங்கின் மனைவி பேரில் லேடி மனிங் பாலம். பௌர்ணமி இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மற்ற முனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது ஊர்க்கதை. 1848 இல் இங்கு வந்த எமர்சன் டெனென்ட் அந்தச் சத்தத்தைக் கேட்டு, பிறகு தன் புத்தகத்தில் எழுதிவைத்தார். மீனா, சிப்பியா என்ற வாதம் அவர் காலத்திலேயே இருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, புனித மிக்கேல் கல்லூரியோடு இருந்த அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அதை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. வெபர் மைதானத்துக்குப் பேர் கொடுத்த வெபரும் அந்த அமெரிக்க யேசுசபையினரில் ஒருவர்தான். இந்தத் துறவிகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1978 நவம்பர் 23 இல் சூறாவளி வந்து மாவட்டத்தின் நிழலையே பிடுங்கிக்கொண்டு போனது. தென்னைகள் தலையில்லாமல் நின்ற படங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் மரம் திரும்ப வளரும். 1980களின் நடுவிலிருந்து வெளியில் விளையாடுவது என்ற பழக்கமே சுருங்கத் தொடங்கியது. ஆத்தங்கரைக் கண்டல் பற்றைகளைப் பாதுகாப்புக்கென்று வெட்டினார்கள். பாலங்களின் இரு முனையிலும் சென்ட்ரி வந்தது. ரவுண் இராணுவத்திடம், படுவான்கரை புலிகளிடம், நடுவில் தண்ணி. வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுக்குப் போவது வேறொரு நாட்டுக்குப் போவது மாதிரி.

1990 ஐத் தனியாகச் சொல்ல வேணும். ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூறுக்கு மேற்பட்டவர்கள், சிறுவர்களும் அதில். செப்டம்பர் 9, சத்துருக்கொண்டானில் இராணுவத்தினரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஊர்ச்சனத்தைக் கூட்டிக்கொண்டுபோய்க் கொன்றார்கள். அங்கேயும் நூறுக்கு மேல், அங்கேயும் குழந்தைகள். இடையில் ஏறாவூர். அந்த ஓகஸ்டிலேயே, 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்ட அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜீன் ஹேபர்ட்டும் அவரோடு வந்த தமிழ்ப் பொடியனும் வழியில் காணாமல் போனார்கள். இன்றுவரை ஆள் இல்லை. மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கியவர் ஹேபர்ட்.

இதற்குப் பிறகு எந்தத் தாய் பிள்ளையை ஆத்தங்கரைக்கு விடுவா? தமிழ்த் தாய் காத்தான்குடி ரோட்டால் அனுப்பமாட்டா, முஸ்லிம் தாய் ஆரையம்பதிப் பக்கம் அனுப்பமாட்டா. இரண்டு ஊருக்கும் நடுவில் எல்லைக்கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. சுற்றிவளைப்புக்குப் பயம், பிள்ளைபிடிக்குப் பயம், மிதிவெடிக்குப் பயம். "ஆறு மணிக்கு மேல வளவுக்குள்ளயும் நிக்கக்கூடாது" என்று தன்ட அம்மா சொல்லுவதைக் கேட்டு வளர்ந்ததாக எங்கட குழுவில் ஒருத்தியின் மாமி சொன்னா. அப்ப அவவுக்கு ஒன்பது வயது.

கொஞ்ச நேரம் டென்மார்க்குக்குப் போய் வருவோம். இதேபோல ஒரு நெருக்கடிக்குள் பிள்ளைகளுக்கு இடம் உண்டாக்கின கதை அங்கே இருக்கு. 1943, நாட்டை ஜேர்மன் படை பிடித்து வைத்திருந்த காலம். கொப்பன்ஹேகனில் எம்ட்ரப் என்ற தொழிலாளர் குடியிருப்பில், சோரன்சன் என்ற நிலத்தோற்றக் கட்டடக்கலைஞரின் யோசனையில் ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். சறுக்கி இல்லை, சீசோ இல்லை. பலகைத் துண்டு, செங்கல், கயிறு, மண்வெட்டி. தான் வடிவமைத்த அழகான விளையாட்டிடங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் மற்ற எல்லா இடத்திலும் விளையாடுவதைக் கண்டுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. முக்கியமான விசயம், அங்க ஒரு பெரியவர் முழுநேரமும் இருந்தார். கட்டளை போட இல்லை, கூட இருக்க. 1946 இல் அதைப் பார்த்த பிரித்தானியப் பெண்மணி மார்ஜரி அலன் லண்டனுக்குத் திரும்பி, குண்டு விழுந்து பாழாய்க் கிடந்த காணிகளில் அதே மாதிரி இடங்கள் திறக்கப் பாடுபட்டார். இடிபாட்டுக்கு நடுவில் பிள்ளைகள் கூடுதேறும் என்று அவர் நம்பினார்.

மட்டக்களப்பில் அப்படி ஒன்று நடந்தது, போர் முடிவதற்குப் பன்னிரண்டு வருசத்துக்கும் மேல் இருக்கும்போது. 1996. பேர் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா.

தொடங்கினவர்கள் இரண்டு போல். ஒருவர் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம், உளவளத்துணையில் வேலை செய்தவர். மற்றவர் கனேடிய ஓவியர் போல் ஹோகன். ஹோகன் அதற்கு முன் ரொறன்ரோவில் ஒரு புனர்வாழ்வு மருத்துவமனையோடு சேர்ந்து 'ஸ்பைரல் கார்டன்' என்ற தோட்டத்தை உருவாக்கியிருந்தார். உடல் இயலாமை உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக மண் கிண்டி, படம் வரைந்து, கதை கட்டினார்கள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'ஹெல்த் ரீச்' என்ற குழு போருக்குள் வாழும் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த வழியாக ஹோகன் இங்கே வந்தார். யேசுசபைக் காணியில் இடம் கிடைத்தது. லாங்கும் வெபரும் ஹேபர்ட்டும் இருந்த அதே சபை.

மதிலுக்குள்ளே மரம், களிமண், வர்ணம், வளர்ப்பு மிருகங்கள், கதை சொல்ல ஒரு இடம், நாடகம் போட ஒரு இடம். பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் வருவார்கள், ஏறக்குறைய ஒன்பது மாதம் தொடர்ந்து. ஒரு நாள் கூட்டிக்கொண்டுவந்து, மதியச் சாப்பாடு கொடுத்து, படம் எடுத்து அனுப்புகிற முகாம் இல்லை. கூட இருந்த பெரியவர்களுக்கு அங்க 'அனிமேட்டர்' என்று பேர். அவர்களும் இந்த மண்ணின் ஆட்கள், தமிழரும் முஸ்லிம்களும். போர் அவர்கள் வீட்டுக்குள்ளும் புகுந்துதான் இருந்தது. எம்ட்ரப்பில் இருந்த அந்தப் பெரியவரின் வேலையைத்தான் இவர்கள் செய்தார்கள்: பிள்ளை ஒன்றும் செய்யாமல் மரத்தடியில் இருந்தாலும், கூட இருப்பது.

இதில் எங்களை மிகவும் பிடித்துக்கொண்டது பஸ். 'வண்ணத்துப்பூச்சி பஸ்' என்றே பேர். தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் கிராமங்களிலும் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். யோசித்துப் பாருங்கள். சென்ட்ரிக்கு சென்ட்ரி இறங்கி அடையாள அட்டை காட்டுகிற ரோட்டில், ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள். சத்துருக்கொண்டானும் காத்தான்குடியும் நடந்து ஆறு வருசம்தான். அந்த பஸ்ஸில் ஒரே சீற்றில் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பது சின்ன விசயமில்லை. தோட்டத்தின் கேட்டைத் தாண்டுவதற்கு முன்னமே பாதி வேலை பஸ்ஸுக்குள் நடந்திருக்கும் என்பது எங்கட எண்ணம். பிள்ளையை அதில் ஏற்றிவிட்ட தாய்மார்தான் எங்களுக்கு இந்தக் கதையின் பெரிய ஆட்கள். அவர்களைப் பற்றி ஆங்கில அறிக்கைகளில் அதிகம் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேணும். 1990களில் மட்டக்களப்பில் களவேலை செய்த மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வதைப் பற்றி எழுதினார். காணாமல் போன மகன் உயிரோடு இருக்கிறானா என்று பொலிசிடமோ முகாமிலோ கேட்க முடியாத தாய், தெய்வமேறி ஆடுகிற ஆளிடம் போய்க் கேட்டா. வெளியில் வாய் திறக்க முடியாத காலத்தில் சனம் வாய்விட்டு அழ இருந்த இடம் அதுதான். பெரியவர்களுக்கு அது இருந்தது. பிள்ளைகளுக்கு? கோயில் வீதியில் அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். 'உனக்கு என்ன நடந்தது சொல்லு' என்று கேட்டால் பிள்ளை சொல்லாது. களிமண்ணில் ஒரு வீடு செய்து, பிறகு அதை இடித்து, பிறகும் செய்யும். அதற்கு ஒரு இடமும், அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளும் வேணும். பூங்கா அதைக் கொடுத்தது.

புகழ்ந்துகொண்டே போக எங்களுக்கு விருப்பமில்லை. வெளிநாட்டுக் காசில் நடந்த வேலை, வெளிநாட்டுக் காசு எப்போதும் தன்ட கால அட்டவணையோடுதான் வரும். மாவட்டத்தில் இருந்த பிள்ளைகளோடு பார்த்தால் அங்கே போனவர்கள் மிகச் சிலர். 'சமாதானம்' என்ற சொல்லைப் பேரில் வைத்த எத்தனையோ திட்டங்கள் இந்த மண்ணில் வந்து போயின. பலவற்றில் மிஞ்சியது பெயர்ப்பலகை. பின்னேரம் பஸ் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அதே போருக்குள்தான். 2000களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடித்தது எல்லாருக்கும் தெரியும். ஒரு தோட்டத்தின் மதில் அதைத் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. ஆனாலும் வருசக்கணக்காக, சுடுபாடு நடந்துகொண்டிருக்கும்போதே, இரண்டு சமூகத்துப் பிள்ளைகளையும் ஒரு மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்த இடம் அது. நாங்கள் தேடிய அளவில், எங்கட மாவட்டத்தில் பிள்ளைகளுக்காகவென்று யோசித்து உண்டாக்கிய தோட்டங்களில் இதற்கு ஈடாக ஒன்றைக் காணவில்லை. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரு வரியும் இல்லை. ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்த நாள் இருக்கு.

2004 டிசம்பர் 26 கடலையும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. நாவலடி, டச்பார், திருச்செந்தூர், கல்லடி. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்ற படம் உலகமெல்லாம் போனது. அதற்குப் பிறகு பல வருசம் கடற்கரைக்குப் பிள்ளைகளோடு போவதே ஒரு தைரியம். எங்களில் சிலருக்குக் கடலில் கால் நனைக்கப் பத்து வயது ஆகவேண்டியிருந்தது.

2007 இல் கிழக்கில் சண்டை ஓய்ந்தது, 2009 இல் முழுதாக. அபிவிருத்திக் காலம் வந்தது. பாசிக்குடாவில் வரிசையாக ஹோட்டல். அந்தக் குடாவில் கன தூரம் நடந்து போனாலும் தண்ணி இடுப்புக்கு மேல் வராது, பிள்ளைகளுக்கென்றே செய்த கடல். இப்ப அதன் பெரும்பகுதிக் கரை கதிரை போட்ட ஆட்களுக்கு. பொதுசனத்துக்கு ஒரு துண்டு இருக்கு, ஞாயிறில் அதில் கால் வைக்க இடம் இல்லை. 2013 இல் கல்லடியில் புதுப் பாலம். பழையது பக்கத்தில் நிற்கிறது. பின்னேரம் காற்று வாங்க அதைவிட நல்ல இடம் ரவுணில் இல்லை, இலவசமும்கூட. 1913 இல் கட்டிய பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் கண்டல் காட்டுக்குள்ளால் தோணியில் போகலாம். கொக்கும் நீர்க்காகமும் பார்க்கலாம். முகத்துவாரம் வெட்டுப்பட்டிருக்கிற காலமென்றால் வாவியும் கடலும் கலக்கிறதைப் பிள்ளைக்குக் கையால் காட்டலாம். எங்களைக் கேட்டால், சின்னப் புள்ளையோட போறவங்க முதலில் அங்கதான் போக வேணும்.

ஊர் ஊராகச் சிறுவர் பூங்காக்களும் வந்தன. இரும்புச் சறுக்கி, பிளாஸ்டிக் குதிரை, திறந்துவைத்தவரின் பேர் பொறித்த கல். கல் பெரும்பாலும் சறுக்கியைவிட உறுதியாக இருக்கும். வெயிலில் இரும்பு சுடும், மரம் வளரவில்லை, ஊஞ்சலில் ஒரு பக்கச் சங்கிலி இல்லை. இதெல்லாம் திருத்தக்கூடியவை. எங்களுக்கு உறைக்கிற விசயம் வேற. ஒவ்வொரு பூங்காவும் அந்தந்த ஊருக்கு, அந்தந்தச் சனத்துக்கு. தமிழ் ஊர்ப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் ஊர்ப் பூங்காவில் முஸ்லிம் பிள்ளைகள். யாரும் தடை போட்டு எழுதிவைக்கவில்லை. அப்படித்தான் போகுது.

பள்ளிக்கூடமும் அப்படித்தானே. ஒரே தமிழில், ஒரே பாடத்திட்டத்தில், தமிழ்ப் பாடசாலை வேற, முஸ்லிம் பாடசாலை வேற. எங்களில் பலருக்கு முதல் முஸ்லிம் நண்பரோ முதல் தமிழ் நண்பரோ கிடைத்தது கம்பஸில். இருபது வயதில். பக்கத்து ஊர்க்காரரைச் சந்திக்க இசற் ஸ்கோர் தேவைப்பட்டது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து வெளியில் நின்ற பிள்ளைகள் உட்பட, கொல்லப்பட்டவர்களில் 14 பேர் சிறுவர்கள். தாக்குதல்களை நடத்திய குழுவின் தலைவர் காத்தான்குடிக்காரர் என்பதால், அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதன் பிறகு ஒரு பார்வையைச் சுமந்தார்கள். அவர்களும் பிள்ளைகள்தான். அந்த வருசம் பூங்காக்கள் கொஞ்ச நாள் வெறுமையாகக் கிடந்தன. பிறகு ஆட்கள் வந்தார்கள், ஆனால் அவரவர் பூங்காவுக்கு.

ஜேர்மனியில் ஃபுரோபல் 1840 இல் தன் பள்ளிக்கு 'பிள்ளைகளின் தோட்டம்' என்று பேர் வைத்தார். நேர்சரி பிள்ளைகள் 'கிண்டர்கார்டன்' என்று சொல்வது அந்தப் பேரைத்தான். அவர் தோட்டம் என்று சொன்னபோது பிள்ளைகள் கையால் கிண்டுகிற பாத்தியையும் சேர்த்துத்தான் சொன்னார். எங்கட சிறுவர் பூங்காக்களில் பிள்ளை தொட்டுக் கிண்டுவதற்கு ஒரு முழம் மண் இருக்கா? மாநகரசபையும் பிரதேச சபைகளும் அடுத்த பூங்காவுக்கு வரைபடம் போடும்போது இரும்புச் சாமானின் எண்ணிக்கையைக் குறைத்து, மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு பஸ் விடலாம். காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் ஏறாவூரிலும் செங்கலடியிலும் ஏற்றிக்கொண்டு, அம்பிளாந்துறைப் பாதையால் ஒருக்கா ஆற்றைக் கடந்து, பாலமீன்மடுவில் இறக்கிவிடலாம். வழிகாட்ட எங்கட பீடத்திலேயே ஆட்கள் இருக்கிறோம், சம்பளம் கேட்கமாட்டோம், சாப்பாடு மட்டும் தந்தால் போதும்.

இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போது எங்களுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதினது. அந்தப் பஸ்ஸில் ஏறின பிள்ளைகள் எழுதினது ஒன்றும் கையில் சிக்கவில்லை. 1996 இல் எட்டு வயதாக இருந்தவர்கள் இப்ப முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள், அவர்கள் பிள்ளைகளும் இப்ப ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கிற வயதுதான். உங்கட அக்காவோ, சாச்சியோ, மாமாவோ அதில் போயிருந்தால் கேட்டுப்பாருங்கள். பஸ்ஸில் யார் பக்கத்தில் இருந்தீங்க, என்ன செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தீங்க, அந்த ஆளை மறுகா எப்பவாவது கண்டீங்களா என்று. சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதி அனுப்புங்கள். எழுத்துப்பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.